மாமாவுக்குத் தரவிறக்கிக் கொடுத்த சுட்டி

பாடசாலை தொடங்கிய வாரம் வெள்ளவத்தையில் எந்தக் கடையிலும் பிரவுன் பேப்பர் இருக்கவில்லை. மகளின் கொப்பிகளுக்கு உறை போட, என் மாமனார் சேர்த்துவைத்திருந்த மணிக்கூடு சேகரிப்போர் சஞ்சிகைகளிலிருந்து நடுத்தாள்களைக் கழற்றினேன். அலுமாரி நிறைந்த அந்தக் குவியலில் அவருக்கே எதுவும் அகப்படுவதில்லை என்ற துணிவுதான்.

ஆனாலும் மனம் உறுத்தியது. பரிகாரமாக, அந்தச் சஞ்சிகையின் எல்லா இதழ்களுக்குமான பொருளடக்கச் சுட்டியை இணையத்தில் தேடி, அவருடைய கைப்பேசியில் தரவிறக்கிக் கொடுத்தேன். எந்தக் கட்டுரை எந்த இதழில், எந்தப் பக்கத்தில் என்று அதில் தெளிவாக இருந்தது. அது யாருக்கு ஆபத்து என்று கொடுத்த பிறகுதான் யோசித்தேன்.

அரை மணித்தியாலத்தில் மாமா ஓர் இதழோடு வந்தார்.

“பிள்ளை, ஊசல் மணிக்கூடு திருத்துறது இருபத்தோராம் பக்கமாம். இதில இருபதுக்குப் பிறகு இருபத்தொன்பது வருது.”

பூச்சி அரித்தது என்று சொல்லலாமா? பக்கத்தில் மகள் நின்றாள். அவளுடைய கணிதக் கொப்பியை நீட்டினேன்.

மாமா கண்ணாடியைப் போட்டு, உறையை நின்றபடியே வாசித்தார்.

“மிச்சம் எங்க?”

“சமயக் கொப்பியில, அப்பப்பா. அதைத் திருத்த டீச்சரிட்ட குடுத்திட்டன்,” என்றாள் மகள்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, இவளுக்கு மொத்தம் எத்தினை பாடம்?”