வெள்ளைக் கோடு போட்ட இடம்

நான் ஒருவரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. மீன்காரர் தராசைத் தூக்கினால் மீனை விட்டுவிட்டு அவருடைய விரலைப் பார்ப்பேன். வைத்தியர் ஒரு மருந்து எழுதினால் இன்னொரு வைத்தியரிடம் போய், இது சரியா என்று கேட்பேன். இது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்று என் மனைவி சொல்லுவாள். என் வேலைக்கு இந்தக் குணம் இல்லாவிட்டால் ஆள் செத்துப்போகும் என்று நானும் விடாமல் வாதாடியிருக்கிறேன்.

வேலை இதுதான். தெருவைத் தோண்டுவதற்கு முன், மண்ணுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு கருவி இருக்கிறது. நாங்கள் அதை மெஷின் என்றுதான் சொல்லுவோம். கீழே மின்சாரம் ஓடும் வயர் இருந்தால் அது கத்தும். கத்தின இடத்தில் சிவப்புப் பெயின்ற் அடிப்பேன். ஒன்றும் இல்லை என்று நிச்சயமான இடத்தில் வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோட்டில்தான் தோண்டலாம். கந்தோரில் அதிகாரிகள் தருகிற வரைபடத்தை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். கொழும்பில் வரைபடத்தை நம்பித் தோண்டுகிறவனுக்குத் தலையில் ஏதோ கோளாறு.

தோண்டுகிறவர் மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒருகொடவத்தையில், கொள்கலன் லொறிகள் நிற்கிற வளவுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய ஆயுதம் அலவாங்கு, ஆள் உயர இரும்புக் கம்பி. கந்தோரில் கொடுத்த சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் குழிக்குள் இறங்குவார். கால் புழுங்குதாம். நான் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். "நீங்க வெள்ளை போட்டா எனக்கு என்னங்க பயம்" என்று சிரிப்பார். ஒரு நாளும் என்னிடம் இது சரியா என்று கேட்டதில்லை. அந்த இரும்பு ஒரு கரண்ட் வயரில் குத்தினால் அவர் அந்த இடத்திலேயே முடிந்துவிடுவார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மின்வெட்டுக் காலம் அது. கொழும்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து வைத்து, இந்த எழுத்துக்கு இத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று அறிவிப்பார்கள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு எழுத்து எனக்கு மனப்பாடம். மற்றவர்களுடைய எழுத்து எனக்கு எதற்கு? அன்று காலை வீட்டில் கரண்ட் இருந்தது. சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன்.

கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கை. புதுத் தண்ணீர்க் குழாய் போட வேண்டும். மூலையில் இருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் லைட் எரிந்தது. பின்பக்கத்தில் ஏதோ இரைந்துகொண்டும் இருந்தது. பக்கத்துக் காலி வீதியில் ஓடுகிற பஸ்களின் இரைச்சலுக்குள் அதை யார் கவனிப்பது? அந்த வாசலில் மெஷினை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் கத்தியது. மெஷின் சரி என்று உள்ளே நடந்தேன்.

நாலாவது வீட்டுக் கேற் திறந்தது. அறுபது வயதிருக்கும் ஓர் அன்ரி, தலையில் துவாய் கட்டியபடி வெளியே வந்தா.

"ஆர் நீங்கள்? என்ன தேடுறீங்கள்?"

"வயர் தேடுறன் அன்ரி. தண்ணிக் குழாய் போடப்போறம்."

"வயர் தேடுற ஆக்களோ, இல்லாட்டி வேற ஏதும் தேடுற ஆக்களோ? அடையாள அட்டையைக் காட்டுங்கோ பாப்பம்."

காட்டினேன். அதை ஃபோனில் படம் பிடித்தா. பிறகு என்னையும் பிடித்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப் பயப்படுகிற ஆளிடம் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

முறைப்படி எங்களுக்கு இரண்டாவது பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதை வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் வயரோடு கொழுவிவிட்டால், வயரில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போகிற வழியை மெஷின் பிடித்துவிடும். அவவின் மீட்டரில் கொழுவலாமா என்று கேட்டேன்.

"மீட்டரில கை வைக்க விடமாட்டன். போய்ச் சொல்லுங்கோ உங்கட பெரியாக்களிட்ட."

சரிதான், மீட்டரில் தில்லுமுல்லு என்று நினைத்தேன். அதைப் பிடிப்பது என் வேலை இல்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு, மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு அவவின் கேற்றுக்கு முன்னால் நடந்தேன். சத்தம் இல்லை.

"இதில கிண்டாதேங்கோ தம்பி. கீழ பழைய மலக்குழி இருக்கு."

மலக்குழியை இந்தப் பக்கம் யார் ஒழுங்கைக்கு நடுவில் கட்டுவார்கள்? கொஞ்ச நேரத்தில் மாமர வேர் ஓடுகிறது என்றா. மாமரம் எங்கே என்று கேட்டால், அது தறித்தாச்சாம். நான் திரும்பவும் நடந்தேன். அப்போது குரலை இறக்கி, "என்ர அவர் மோசம் போய் இன்னும் ஆண்டுத்திவசம் முடியேல்லை. வாசலை வெட்டினால் சரியில்லைத் தம்பி" என்றா.

ஒவ்வொரு தரமும் ஒரு கதை! கேற்றுக்கு முன்னால், கார் ஏறுவதற்குப் புதிதாகச் சிமெந்துச் சரிவு ஒன்று கட்டியிருந்தது. ஆஹா, இதுதான் விஷயம் என்று கண்டுபிடித்துவிட்டேன். சிமெந்து உடையக் கூடாது, அதற்குத்தான் செத்த மனிசனையும் இழுக்கிறா. பெரிய துப்பறிகிறவன் மாதிரி எனக்குள்ளே ஒரு திருப்தி. மூன்றாவது தரமும் மெஷினைக் கொண்டு நடந்தேன். மூச்சுப் பேச்சு இல்லை. வெள்ளைக் கோட்டை நீட்டாக இழுத்தேன். மேற்பார்வையாளருக்கு ஃபோன் எடுத்து, "கிளியர் சேர்" என்றேன். "ஹரி மல்லி, பட்டன் கன்ன" என்று சிங்களத்தில் அவர் தொடங்கச் சொன்னார்.

அண்ணன் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். மேல் தாரை உடைத்து, சல்லிக்கல்லை வாரி எறிந்து, முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார். நான் பதினைந்து அடி தள்ளி அடுத்த வீட்டு மதில் நிழலில் நின்றேன். அன்ரி கேற் கம்பியைப் பிடித்தபடி குழியையே பார்த்துக்கொண்டிருந்தா. பார்க்கட்டும், சிமெந்துக்கு நல்லா அழட்டும் என்று நினைத்தேன்.

பிறகு என் பக்கம் வந்து, மிகவும் தயவாகக் கேட்டா.

"தம்பி, கரண்ட் வரமுதல் முடிச்சுப்போடுவீங்களோ?"

"என்ன கரண்ட்?"

"பத்து மணிக்குப் போனது. இப்ப வாற நேரம்."

மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அடுக்குமாடிக்குப் பின்னால் இரைந்தது ஜெனரேட்டர். நான் மெஷினைச் சோதித்த வாசலில் எரிந்தது ஜெனரேட்டர் லைட். இந்த ஒழுங்கையில் நான் நடந்த நேரம் முழுக்க ஒரு வயரிலும் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத வயரின் மேல் மெஷினை வைத்துக்கொண்டு, சத்தம் இல்லை, வயர் இல்லை என்று கோடு போட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இரைச்சல் நின்றது. ஏதோ ஒரு வீட்டில் பிள்ளைகள், "ஹே! லைட் வந்திட்டுது!" என்று கத்தினார்கள்.

அண்ணன் அலவாங்கைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். நான் கத்தினேனா, கத்த நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கால் நகரவில்லை, அது மட்டும் தெரியும். ஓடினது அன்ரி. துவாய் அவிழ்ந்து விழ, ஓடிப்போய்க் குழிக்குள் குதித்து, இரண்டு கையாலும் அவருடைய முழங்கையைப் பிடித்துத் தொங்கினா.

"குத்தாதேங்கோ! கீழ கரண்ட் வயர் இருக்கு! கள்ள வயர்! நாங்கள் போட்டது!"

அலவாங்கு சரிந்து சிமெந்துச் சரிவில் விழுந்தது. ஒரு மூலை உடைந்து தெறித்தது. அவ அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மெஷினைக் கொண்டுபோய் என் வெள்ளைக் கோட்டின் மேல் வைத்தேன். கத்தியது. அண்ணன் கையால் மண்ணை மெல்ல விலக்கினார். நாலு விரல்கடை ஆழத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அதற்குள் வயர். அடுத்த குத்தில் முடிந்திருக்கும்.

முன்பு இந்த ஒழுங்கையில் வடிகால் வெட்டியபோது, மூடுவதற்கு முன் அவவின் கணவர் அந்த வயரை இறக்கியிருக்கிறார். அதே பக்கத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்த அவர்களுடைய சின்ன அனெக்ஸுக்கு, மின்சார சபையைக் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக் கரண்டைக் கொண்டுபோக. வாடகைக்கு இருக்கிறவர்களின் ஃப்ரிட்ஜ் அதில்தான் ஓடியது. அவ குழியின் விளிம்பில் இருந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னா. ஒழுங்கையில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

என் பயத்தை அவவின் மேல்தான் இறக்கினேன்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே அன்ரி! ஒரு மனுசன்ட உயிர் போயிருக்கும்!"

அவ சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறது? வந்ததில இருந்து கள்ளரைப் பாக்கிற மாதிரியெல்லோ என்னைப் பாத்துக்கொண்டு நிண்டீங்கள். சொன்னால் எழுதிக் குடுத்திடுவீங்கள் எண்டு பயந்தன். எழுதுங்கோ. இனி என்ன, எழுதுங்கோ."

நான் எழுதவில்லை. தண்ணீர்க் குழாயை ஒழுங்கையின் மற்ற ஓரத்துக்கு மாற்ற வேண்டும், இந்தப் பக்கம் பதியாத வயர் இருக்கிறது என்று மட்டும் மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். யாருடையது என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். கரண்ட் போயிருக்கிறதா என்று ஒரு வார்த்தை அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தராசையும் வைத்தியரையும் அவவையும் சந்தேகப்பட்டவன், கையில் இருந்த மெஷினைச் சந்தேகப்படவில்லை. என்னையும் சந்தேகப்படவில்லை.

அண்ணன் அன்ரி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று அடித்துக்கொண்டது மனம். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீங்க வெள்ளை போட்டிருந்தீங்களே தம்பி."

அடுத்த கிழமை வேலை கொட்டாஞ்சேனையில், என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அந்த இடத்து எழுத்தைப் பார்த்தேன். ஒரு வீட்டுக்குள் போய் மின்விசிறி சுற்றுகிறதா என்றும் பார்த்தேன். இரண்டாவது பெட்டியை ஒவ்வொரு மீட்டரிலும் கொழுவினேன். எல்லாம் முடித்து, வெள்ளைக் கோடு போட்டு, "சரி அண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அலவாங்கை மதிலில் சாத்தி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டினார்.

"அம்மா, இந்த எடத்துல கீழ வயர் எதுவும் போகுதுங்களா? வீட்டுல பெரியவங்க இருந்தா கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

கேற்றைத் திறந்த பெண் உள்ளே கேட்கப் போனா. நான் மெஷினைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அவர் திரும்பி வந்தார், என் கோட்டை ஒரு தரம் பார்த்தார், அலவாங்கை எடுத்தார். அன்றைக்கு அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை.