ஆள் பார்த்துச் சோதனை

ராஸ் அல் கைமாவில் ஒரு பெரிய கடையின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களின் இடுப்பைத் தடவிப் பார்ப்பதுதான் மூன்று வருடம் எனக்கு வேலை. ஊருக்குப் போட்ட கடிதத்தில் 'செக்யூரிட்டி ஆபீசர்' என்று எழுதியிருந்தேன். அப்படியென்றால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். கூச்சமெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் வந்தது, மொத்தமாக.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கடையில் கீழே மளிகையும் காய்கறியும், மாடியில் துணிமணி, பெட்டி, கம்பளி, டேப் ரெக்கார்டர். முதலாளி அரபி, அவரை நான் மொத்தமே நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். கடையை நடத்தியவர் மேனேஜர் பாய். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், கணக்காகப் பேசுகிற மனிதர். அவர் தயவில்தான் நான் அங்கே ட்ராலி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பில் போடும் இடத்தில் உள்ளூர் இளவட்டங்கள் இரண்டு பேருக்கு யார் முந்தி என்று தள்ளுமுள்ளு. அதில் ஒருவனுடைய வெள்ளை அங்கிக்குள்ளிருந்து ஒரு கைத்துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்தது. அவன் நிதானமாகக் குனிந்து அதை எடுத்துப் பக்கப் பையில் போட்டுக்கொண்டு, வாங்கிய பால் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் அன்றைக்கு முழுவதும் கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டாள்.

அந்தப் பக்கத்து மலைக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பது ஒன்றும் அதிசயமில்லை. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். ஆனால் அதை மறைத்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு வாங்க வருவது வேறு. மறுவாரமே வாசலில் பலகை தொங்கியது. அரபி, இங்கிலீஷ், உருது மூன்றிலும் எழுதியிருந்தது: துப்பாக்கி, கத்தி எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது, வருகிற எல்லோருக்கும் சோதனை உண்டு. என்னைக் கூப்பிட்டு நீலச் சட்டையும் தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்தார் மேனேஜர்.

"எல்லாரையும் தடவிப் பாரு தம்பி," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஆளு பாத்துத் தடவு," என்றார்.

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளை அங்கி வந்தால் சலாம் வைத்தேன். டை கட்டிய ஆள் வந்தால் கதவைத் திறந்துவிட்டேன். தொழிலாளர்கள் தங்குகிற கேம்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற லேபர் ஆட்களை மட்டும் வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னேன். துப்பாக்கி விழுந்தது யார் மடியிலிருந்து, நான் துழாவிக்கொண்டிருந்தது யார் மடியை? இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு மலைக்காரக் கிழவர், பலகையைப் படித்துவிட்டுத் தானாகவே வண்டிக்குத் திரும்பிப் போய்த் தன் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்து, என் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைத் தொடப் பயம். "மாஃபி முஷ்கில், பரவால்ல, போங்க போங்க" என்று அரபியும் தமிழும் கலந்து உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ட்ராலி தள்ளும்போது என்னை 'ஏய்' என்று கூப்பிடாதவன் கிடையாது. இப்போது வெள்ளிக்கிழமையானால் ஐம்பது அறுபது பேர் என் கை படுவதற்காக வரிசையில் நின்றார்கள். விசிலை ஊத வேண்டிய அவசியமே வந்ததில்லை. இருந்தாலும் ஊதுவேன்.

அந்த வரிசையில் வருகிறவர்களில் ஒருவர் செராமிக் ஃபேக்டரியில் மண் மூட்டை தூக்குகிற அண்ணன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தள்ளி அவர் ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வந்த புதிதில், யாரையும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, என் பேச்சை வைத்தே எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்து, "ஏப்பா, சாப்ட்டியா?" என்று கேட்டவர். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடை வாசலில் அதே கேள்வி. கேம்பில் மீன் குழம்பு வைத்தால் ஒரு டப்பாவில் கொண்டுவருவார்.

ஒரு நாள் கடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சட்டைக்கு மேலாகவே அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"ஒங்கிட்ட மட்டுந்தான்ப்பா சொல்றேன். குடல் எறங்கிருச்சு."

மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. உள்ளே ஒரு பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார். அடிவயிற்றை அழுத்துகிற திண்டும், காலிடுக்கில் சுற்றி வருகிற வாருமாக, லீவில் போய் வந்த ஒருவர் மூலம் மதுரையிலிருந்து வரவழைத்தது. கம்பெனிக்குத் தெரிந்தால் அன்ஃபிட் என்று எழுதி விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு ஃபிளைட் ஏற்றிவிடுவார்கள். அவர் கண்ணெதிரிலேயே இரண்டு பேரை அப்படி ஏற்றியிருக்கிறார்கள்.

"இன்னம் அஞ்சு மாசத்துல லீவு," என்றார். "ஊர்ல போயி ஆப்பரேசன் பண்ணிக்கிட்டு, சத்தமில்லாம திரும்பி வந்துருவேன். அது வரைக்கும் கடத்திட்டாப் போதும். வீட்ல அம்புட்டுப் பேரும் என் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்காக."

"நான் வாயத் தெறக்க மாட்டேண்ணே," என்றேன்.

அன்றிலிருந்து அவர் வரிசையில் வரும்போது என் கை அவர் சட்டையில் பட்டும் படாமலும் போகும். அவருக்கு மட்டும் செய்தால் தெரிந்துவிடும் என்று நம் பக்கத்து ஆட்கள் இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் அப்படியே செய்தேன். அதை யாரோ மேனேஜரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார்.

"ஊர்க்காரன்னா கண்ண மூடிக்கிட்டு விடுறியாமே. நாளக்கி எவனாச்சும் கத்தி கொண்டாந்து குத்துனா நானா பதில் சொல்றது? ஒன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆளு போட்டுக்கறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கேம்ப் பஸ் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் வரிசையில் வந்தார். அவருக்கு நேர் பின்னால் அவர்களுடைய கேம்பை மேற்பார்க்கிற கேம்ப் பாஸ், உருது பேசுகிற தாட்டியான ஆள், அன்றைக்கென்று ஏதோ வாங்க வந்திருந்தான்.

"சாப்ட்டியாப்பா?" என்றார் அண்ணன். நான் கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

இடுப்பில் கை வைத்தேன். பெல்ட் கையில் தட்டியது. அது என்ன என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். முன்பின் தெரியாத ஒரு பட்டாணியனாக இருந்திருந்தால், 'பெல்ட்டுதானே, போ' என்று தள்ளி விட்டிருப்பேன். என் ஊர்க்காரர் என்பதால்தான் விட முடியவில்லை. மேனேஜர் பார்க்கிறார், ஊர்ப்பாசம் என்று நினைத்துவிடுவார் என்ற ஒரே நினைப்புத்தான் மண்டைக்குள் ஓடியது. வேண்டுமென்றே இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். அண்ணன் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி," என்றார்.

"கமீஸ் உட்டாவ்," என்றேன் சத்தமாக. சட்டையைத் தூக்கு. இரண்டு ஸ்டாப் தள்ளியிருக்கிற ஊர்க்காரரிடம் நான் இந்தியில் பேசினேன். வரிசைக்கே புரிய வேண்டும் என்று பேசினேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டையைத் தூக்கினார். வியர்வையில் கறுத்துப்போன பெல்ட், பிதுங்கிய அடிவயிறு, அத்தனையும் பட்டப்பகலில் தெரிந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேம்ப் பாஸ் எட்டிப் பார்த்து, "யே க்யா ஹை?", இது என்ன என்று கேட்டான். அண்ணனிடம் கேட்கவில்லை, யூனிஃபார்ம் போட்டிருந்த என்னிடம் கேட்டான்.

"மாலும் நஹி," என்றேன்.

தெரியாது என்று சொன்னால் தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தேனா, நான் தப்பித்துக்கொள்ள நினைத்தேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நான்தான். அதில் சந்தேகமே இல்லை. அண்ணன் சட்டையை இறக்கிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எதுவும் வாங்காமல் வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் என்னிடம் வந்தார். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

"தடவிப் பாருன்னுதான சொன்னேன். சட்டையத் தூக்கச் சொன்னேனா நானு?" என்றார்.

சனிக்கிழமையே அண்ணனைக் கம்பெனி டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டார்கள். அன்ஃபிட். இரண்டு வாரத்தில் கேன்சல் என்று அவருடைய ரூமில் இருக்கிற ஒருவர் வந்து சொன்னார். கேம்புக்குப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், டாக்ஸியில் கால் மணி நேரம்தான். போகவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன், திறக்கவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். எப்படியும் என்றைக்காவது தெரிந்திருக்கும், மூட்டை தூக்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும், நல்லதுதான் நடந்தது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த அடிவயிறுதான் கண்ணில் வந்து நின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வந்தார். மறுநாள் ஃபிளைட். லீவில் போகிறவனானாலும் கேன்சலில் போகிறவனானாலும் பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோனால்தான் ஊரில் மூச்சு விட முடியும். கம்பளி, சோப்பு, பால் பவுடர், வீட்டுக்காரிக்கு ஒரு சேலை. இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற கடை எங்களுடையதுதான். அந்தக் கடைக்கு வாசலும் ஒன்றுதான். காலை நேரம், வரிசை எதுவும் இல்லை. நான் ஒதுங்கிக் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் உள்ளே போகாமல் என் முன்னால் நின்றார்.

"அண்ணே, அன்னைக்கி நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க," என்றார். வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் பேசுவார். "மொதல்ல பாத்துருங்க தம்பி. உள்ள மேனேஜர் நிக்கிறாரு."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. என் வேலைக்கும் ஏதாவது வந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நான் அண்ணனைத் தடவிப் பார்த்தேன்.