கணபதி பாஸ் திறக்காத எஞ்சின்

கராஜ் வைத்திருக்கிறவர் வொரண்டியோடு கார் வாங்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலை ரோட்டில் எங்கள் கடைவரிசை முழுவதும் சிரித்தது. "என்ன பாஸ், சமையல்காரர் கடைச் சோறு எடுக்கிற மாதிரி ஈக்கே" என்று பேக்கரிக்காரர் தாஸிம் கேட்டார். கணபதி பாஸும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் ஏன் வொரண்டி கேட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம்தான்.

என் பெயர் முஹைதீன், பாஸ் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுவார். வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் கணபதியின் கராஜுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் மட்டும்தான். கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்று கூப்பிடுவது வழக்கம். ஆனால் இந்த ரோட்டில் வேறு பெயர் சேர்க்காமல் பாஸ் என்றால் அது கணபதிதான். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினேழு வயதில் இறங்கி வந்தவர், முப்பத்தைந்து வருடமாக எஞ்சினுக்குள்ளேயே கிடக்கிறார். அவர் பெயரெடுத்தது டாப்பட் வேலையில். வால்வுக்கு மேலே விடுகிற இடைவெளி ஒரு தலைமயிர் அளவு இருக்கும். அதில் மெல்லிய இரும்புத் தகட்டைச் செருகி இழுத்துப் பார்ப்பார்கள். அது எவ்வளவு உரசுகிறது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும், கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. மலையேற்றப் பந்தயம் ஓடுகிறவர்கள் மாத்தளையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் தங்கள் ஸ்போர்ட்ஸ் கார்களை இந்த விரலுக்காகக் கொண்டுவருவார்கள். பாஸ் அவற்றைச் செய்து முடித்து, திகன வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சாவி கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

போன வருடம் அவரோடு வேலை செய்த திலீபன் கத்தாருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு பாஸ் தனியாகத்தான் எல்லாம் செய்தார். ஒரு நாள் கேஸ்கட் ஒன்றைக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் நிறுத்திய வான் வண்டியின் சைலன்சர் குழாயைக் கையால் பிடித்தபடி என்னோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். தோல் கருகுகிற வாடை எனக்குத்தான் முதலில் வந்தது.

"பாஸ், கை வேகுது. வெளங்கல்லயா?"

அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வெந்திருந்தது. "சுட்டுருச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. இப்போது விரல்களில் உணர்ச்சி போய்விட்டது. கண்ணுக்குத் தெரிகிற நட்டைக் கழற்றுவார், பூட்டுவார். உள்ளே தடவிச் செய்கிற வேலை ஒன்றும் அவரால் ஆகாது. டாப்பட் கேட்டு வருகிறவர்களுக்கு ஏதேதோ சாட்டுச் சொல்லி நாள் கடத்தியிருக்கிறார். பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க நானா. கை போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் உள்ளுக்கு வரமாட்டான்" என்றார். பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "டாக்டரு அடுத்தது காலுங்கிறாரு. கால்ல பெடல் தெரியிற வரைக்கும்தான் ஓட்டலாம். அதுக்குள்ள எனக்குன்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேணும் நானா. எவனுக்கும் சாவி குடுக்கத் தேவையில்லாத கார்."

அவருடைய மனைவி லோஜினி மறுப்புச் சொல்லவில்லை. "இத்தன வருசத்துல தனக்குன்னு ஒரு நல்ல சட்ட கேட்டதில்ல. வாங்கட்டும்" என்றாள். இருந்த வான் வண்டியை விற்றார்கள், சீட்டுப் பணத்தை எடுத்தார்கள். அவ்வளவுதான் கையிருப்பு.

அந்தப் பணத்துக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு கார் கிடைத்தது. ஒன்று மாத்தளையில் ஒரு வங்கிக்காரரிடம் இருந்தது. வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்த கார், விலையும் குறைவு, ஆனால் வொரண்டி ஒன்றும் கிடையாது. மற்றது பல்லேகலப் பக்கம் பழைய கார் விற்கிற ஒரு கார் சேலில் நின்றது. முப்பது வருடப் பழைய ஜப்பான் கார், இரண்டே கதவு, ஆள் உட்கார்ந்தால் நிலத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கூடுதல் விலைக்கு ஆறு மாத வொரண்டி கொடுத்தார்கள். நான் மாத்தளைக் காருக்காக அவரோடு சண்டையே பிடித்தேன். அவர் கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். மாத்தளைக் காருக்கு ஏதும் வந்தால் அந்தக் கைதான் பார்க்க வேண்டும், வேறு பாஸ்மாருக்குக் கொடுக்கப் பணமும் மிஞ்சாது. பல்லேகலக் காரையே வாங்கினோம்.

வொரண்டி எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் மட்டும். பழுது வந்தால் அவர்களுடைய கராஜுக்கே கொண்டுபோக வேண்டும். எஞ்சின் மூடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் சீலாக ஒட்டியிருக்கும், வேறு யாராவது மூடியைத் திறந்து அது கிழிந்தால் வொரண்டி போய்விடும். கார் சேலைப் பார்த்துக்கொள்கிற அர்கம் தன் கையாலேயே அதை ஒட்டினான். முப்பது வயது இருக்கும், பேச்சில் மரியாதை சொட்டும். "பாஸ், இதுல மட்டும் கை வெச்சிராதீங்க" என்று சிரித்தான்.

"வைக்கமாட்டேன் தம்பி" என்றார் பாஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவுக்குப் போனார். தெல்தெனியவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அந்த மனிதர் வேறு ஆளாகிவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. மெதுவாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலே ஒரு கடையில் பிளேன்டீ குடித்தோம். அவர் கண்ணாடித் தம்ளரை மேசையில் வைத்தே உறிஞ்சினார், கையில் எடுத்தால் வழுக்கிவிடும் என்ற பயம். "இன்னும் ஒரு நாலஞ்சு தடவ இப்பிடி வந்தாப் போதும் நானா" என்றார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இறங்கி வரும்போது எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது, புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு ஆட்டுகிற மாதிரி. பாஸுக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. "டைமிங் செயின் தளந்திருக்கு. சின்ன வேல" என்றார். மறுநாளே காரைக் கொண்டுபோய்ப் பல்லேகலவில் விட்டார். மூன்று கிழமை, முழுசாக இருபத்தொரு நாள் வைத்திருந்து, சரியாகிவிட்டது என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள்.

தவறு அங்கேதான் நடந்தது. வேறு யார் என்றாலும் பொனட்டைத் திறந்து, சீல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் ஒரு பாஸ் செய்து முடித்த வண்டியை இன்னொரு பாஸ் அவன் முகத்துக்கு முன்னாலேயே திறந்து பார்ப்பது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி. நம் ஆள் அதைச் செய்யவே மாட்டார். சாவியை வாங்கி, அங்கே வேலை செய்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். நானும்தான் கூட நின்றேன், எனக்கும் தோன்றவில்லை.

நாலாம் நாள் திகன ஏற்றத்தில் பெரிய சத்தத்தோடு எஞ்சின் நின்றது. கட்டி இழுத்துக்கொண்டுபோய் அதே இடத்தில் போட்டோம். இரண்டு நாள் கழித்து அர்கம் வரச் சொன்னான். அன்று காலையில் பாஸுக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் கிளினிக். நேரே அங்கிருந்து போனோம். டாக்டர் எழுதுகிற கிளினிக் கொப்பி இருந்த பை என் மடியில் இருந்தது.

அர்கத்தின் அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். மாத்தளைப் பந்தயக்காரர்கள், பாஸிடம் வேலை கொடுக்கிறவர்கள். பாஸைக் கண்டதும் எழுந்து கதிரை கொடுத்தார்கள்.

"பாஸ், சீல் ஒடஞ்சீக்கி" என்றான் அர்கம். "உள்ளுக்கு டாப்பட் செட் பண்ணியும் ஈக்கி. எங்கட ஆக்களுக்கு இவ்வளவு நேர்த்தியா செய்ய ஏலாது. கண்டியில இத செய்ற கை ஒண்டுதானே ஈக்கி."

பச்சைப் பொய். சீலைக் கிழித்தது அவனுடைய ஆட்கள். மூன்று கிழமை வைத்திருந்தபோது திறந்திருக்கிறார்கள், புதுச் சீல் ஒட்ட மறந்தோ மறைத்தோ திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் அவன் அந்தப் பொய்யைப் புகழ்ச்சியில் சுற்றி நீட்டினான். மாத்தளைக்காரரில் ஒருவர், "பாஸுட கை சும்மா இருக்குமா?" என்று அன்பாகவே சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"எங்க ஆக்கள்தான் தெறந்தீக்கிறாங்க என்டு நீங்க செல்லலாம்" என்றான் அர்கம். "நான் முதலாளிட்ட கதைக்கிறேன். ஆனா அவர் ஒண்டு கேப்பார். சத்தம் வந்த கார கணபதி பாஸ் தெறக்காம ஈந்தாராம் என்டா யாரு நம்புற?"

யார் நம்புவார்கள்? காரணம் சொன்னால் நம்புவார்கள். அந்தக் காரணம் என் மடியில் இருந்தது. விரலில் உணர்ச்சி இல்லை என்று டாக்டர் எழுதிய கொப்பியை மேசையில் போட்டால் போதும், இவர் டாப்பட் செட் பண்ணியிருக்க வழியே இல்லை என்று குழந்தைக்கும் விளங்கும். நான் பையின் சிப்பை இழுத்தேன். பாஸின் கை என் முழங்காலைப் பிடித்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு உயிர் போகிற வலி, ஒரு கிழமைக்கு அந்த இடம் கன்றிப்போய் இருந்தது.

"ஆமா தம்பி" என்றார். "நாந்தான் தொறந்தேன். சத்தம் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல."

சீல் உடைத்ததால் வொரண்டி இல்லை என்று எழுதிய கடிதத்தை அர்கம் நீட்டினான். பாஸ் பேனையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து விரல்களுக்கு நடுவில் பொருத்தி, கையெழுத்துப் போட்டார். மாத்தளைக்காரர்கள் தங்கள் கார் இரண்டையும் அடுத்த கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் நான் ரோட்டிலேயே கத்தினேன். "என்னத்துக்கு பாஸ்? ஒங்கட காசு, ஒங்கட கார். எவனோ செய்த வேலைக்கு நீங்க ஏன் கையெழுத்து வெக்கிற?"

"கார் போனா கார்தான் நானா. கை போச்சுன்னு அந்த ரெண்டு பேரும் நாளைக்கே மாத்தள முழுக்கச் சொல்லிருவாங்க. அப்பறம் நான் எதத் திங்கிறது?"

"அந்தப் பேர வெச்சு என்ன செய்யப் போறீங்க? அவங்க கார் வந்தா யாரு செய்ற?"

பஸ் வந்தது. அவர் ஏறினார். படியில் கால் வைக்கும்போது இரண்டு தடவை குனிந்து பார்த்ததை அன்றுதான் கவனித்தேன்.

மாத்தளைக் கார்கள் வந்தன. நேரமில்லை என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தார்கள், கை சுளுக்கு என்றார். மூன்றாவது தடவை அவர்கள் வரவில்லை. பாஸுக்குப் பெருமை ஏறிவிட்டது என்று ரோட்டில் பேச்சு. எந்தப் பேரைக் காப்பாற்றக் காரை விட்டாரோ, அந்தப் பேரும் இப்படித்தான் கெட்டது. லோஜினி ஒரு நாள் கடைக்கு வந்து, "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க நானா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கார் கராஜின் மூலையில் தறப்பாள் போர்த்திக் கிடந்தது. போன புதன்கிழமை மத்தியானம் பார்த்தால் தறப்பாள் கழற்றியிருந்தது. பாஸ் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் பூட்டி, உள்ளே உட்கார்ந்திருந்தார். திலீபன் திரும்பி வந்துவிட்டானோ, யாராவது எஞ்சினைச் செய்யப் போகிறார்களோ என்று எனக்கு ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது.

"நானா, பின்னுக்கு நின்னு பிரேக் லைட்டு எரியுதான்னு பாருங்க" என்றார்.

போய் நின்றேன்.

"மிதிக்கிறேன். எரியுதா?"

"இல்ல பாஸ்."

"இப்ப?"

"பத்தல்ல."

பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன். கடையில் இருந்து ஒன்று எடுத்துவரத் திரும்பினேன். அப்போது பாஸ் ஸ்டியரிங்கின் கீழே குனிந்து பார்த்தார். விளக்கு இரண்டும் சிவப்பாகப் பற்றின.

"இப்ப பத்துது" என்றேன்.

அவர் நிமிர்ந்து முன்கண்ணாடியைப் பார்த்தார். விளக்கு அணைந்தது. "இப்ப?" என்றார். இல்லை என்றேன். மறுபடி குனிந்தார், பற்றியது. நான் கிட்டே போய்க் கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் அவருடைய வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரைப் பாயை மிதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காலப் பாத்துக்கிட்டே மிதிச்சா மிதிபடுது" என்றார் கணபதி பாஸ். "அப்ப ரோட்ட யாரு நானா பாக்குறது?"