உபைதுல்லாவோடு போன பாதி

ஊரில் யாராவது இறந்து, அந்த மௌத் செய்தியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் ஹுமாயூன் உடனே எழுந்துவிட மாட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏற்றியதை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். பிறகு அதை மூடிவிட்டு, கடைப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர் போல, திறக்கிறதா என்று ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். திறக்காது. அப்போதுதான் டீ.

துறைமுகத்தில் கிரேன்களுக்கு வயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் நாத்தனார் மகளைக் கட்டியவர், அந்த வகையில் எனக்கு மருமகன் முறை. ராயபுரத்தில் எங்கள் பள்ளிவாசல் மாடி அறையில் ஜமாஅத்தின் சர்வர் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருக்கிறது. துபாய், பினாங்கு, பர்மா என்று போன எங்கள் சனம் போனில் அதைப் பார்த்துத்தான் ஊர் மௌத்தைத் தெரிந்துகொள்கிறது. அதற்குக் காவல் இவர்.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. அது எங்கள் வழக்கம். அதையே இவர் சர்வருக்கும் வைத்தார். பாஸ்வேர்டின் முன்பாதி இவருக்கு, பின்பாதி ஜமாஅத் செயலாளர் வெல்லமண்டி உபைதுல்லாவுக்கு. ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். வாலிபத்திலிருந்து தோஸ்துகள்தான், ஆனாலும் திரும்பித்தான் நிற்பார்கள்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் இருவரும் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது செயலாளருக்கு நெஞ்சு வலித்தது. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. காலையில் ஹுமாயூன் வந்தார், திறந்தே கிடந்த பெட்டியில் தோஸ்தின் மௌத் செய்தியை ஏற்றினார், வாய்விட்டுப் படித்தார், மூடினார், தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. அதன் பிறகுதான் உறைத்தது, இனி திறக்கவும் திறக்காது என்று.

அதோடு போகவில்லை. பகலில் பக்கெட்டுக் கடை உபைதுல்லா மாடிப்படியில் மூச்சுவாங்க ஏறி வந்தார். கலங்கிய கண்ணோடு ஹுமாயூன், செயலாளர் படத்துக்குப் பதில் அதே பேருள்ள இந்தக் கடைக்காரரின் படத்தை ஏற்றியிருந்தார்.

"இன்னா மாமு, உசுரோட கீறவன மௌத்தாக்கிட்டியே! கடைல வந்து சனம் அழுவுது. நானே எட்டிப் பாத்து இன்னான்னு கேக்கறேன்."

"பேருதான்டா படிச்சேன். படத்த பாக்கல."

"என்ன விடு. பினாங்குல எங்க ஜெரினா அக்கா சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நேரா இதத்தான் பாக்கும். ஆபரேஷன்ல ரெண்டு வாட்டி நெஞ்ச அறுத்த பொம்பள. போன் அடிச்சிகினே கீறேன், எடுக்கல. அதும் புள்ள கப்பல்ல கீறான். அங்க நமக்கு முந்தியே அஸர்!"

"மீதிப் பாதிய செயலாளர் சம்சாரத்தாண்ட கேளேன்" என்றார் கீழிருந்து வந்த ஒருவர்.

"புருசன் மையத்து பக்கத்துல குந்திகினு கீது. போயி பாஸ்வேர்டு இன்னான்னு கேக்க சொல்றியா? அதுக்கும் தெரியாது. அவன் யாராண்டயும் சொல்ற ஆளு இல்ல" என்றார் ஹுமாயூன்.

வழி ஒன்று இருந்தது. பெட்டியை அணைத்து, மறுபடி கண் விழிக்கும் நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டிக் கொல்லைப்புறமாக உள்ளே புகுந்து, புதுப் பாஸ்வேர்டு போட வேண்டும். ஆனால் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடி, வருஷக்கணக்காக அணையாத பெட்டி அது. அணைத்தால் எழுமா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சனத்தில் போனவர்கள் பெயரெல்லாம் அதற்குள்தான்.

"பூட்ச்சின்னா?" என்றார் பக்கெட்டுக் கடைக்காரர்.

"பேஜாரு பண்ணாத. துவா ஓது."

பிஸ்மில்லா சொல்லி அணைத்தார். உறுமல் நின்றதும் மாடியே வெறிச்சென்று ஆனது. மறுபடி பொத்தானை அமுக்கினார். பெட்டி இருமியது, கீச்சிட்டது, பிறகு பழையபடி உறுமத் தொடங்கியது. ஹுமாயூன் தட்டிய தட்டில் கொல்லைக் கதவு திறந்தது. புதுப் பாஸ்வேர்டைப் போட்டு, உயிரோடிருப்பவர் படத்தை முதலில் எடுத்தார். பேருக்கு முன்னால் 'வெல்லமண்டி' என்று சேர்த்தார்.

சற்று நேரத்தில் பக்கெட்டுக் கடைக்காரரின் போன் அடித்தது. பினாங்கிலிருந்து ஜெரினா.

"ஏன்டா தம்பி, வெல்லமண்டிக்காரர் மௌத்தாமே? அடக்கத்துக்குப் போவாம நீ அங்க இன்னாடா பண்ற?"

"தோ போறேன்க்கா" என்றவர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினார்.

ஹுமாயூன் மட்டும் உட்கார்ந்திருந்தார். செயலாளருக்கு ஒரு படம் போட வேண்டுமே. தேடியதில் நல்லதாக ஒன்றுதான் கிடைத்தது, இருவரும் சேர்ந்து நின்றது. தன் பக்கத்தை வெட்டினார். தோஸ்தின் தோளில் இவருடைய கை மட்டும் மிச்சம் நின்றது. அதையும் வெட்ட, திரையில் தெரிந்த வெட்டுக்கோட்டை இன்னும் நகர்த்தினார். தோஸ்தின் தோளும் சேர்ந்து குறைந்தது. கோட்டைப் பழைய இடத்திலேயே விட்டு, அந்தக் கையோடே ஏற்றினார்.