மீன் எண்ணெய்க்கு வந்த பத்தியம்

மனசு சரியில்லாதவருக்கு மீன் எண்ணெய் கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? போன வாரம் வரை எனக்குத் தெரியாது.

உத்திரமேரூரில் எனக்கு அடுத்த தெருக்காரர் ஏழுமலை. கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். அவர் மனைவி அஞ்சலை, இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து சிரிப்பதில்லை, பேசுவதில்லை. சோற்றை வைத்தால் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாராம். காத்து கருப்பு என்று மந்திரித்தும் பார்த்தாகிவிட்டது. பிறகுதான் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் மனசுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். கூடவே சத்து மாத்திரை, ஒரு பாட்டில் மீன் எண்ணெய். "ஒரு மாசம் பார்ப்போம். தேறலேன்னா மெட்ராஸ் ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதுதான்" என்றும் சொல்லி அனுப்பினாராம். எந்த ஆஸ்பத்திரி என்று உங்களுக்கே தெரியும். அங்கே போய் வந்தவர் வீட்டில் பிறகு பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். ஏழுமலை நடுங்கிப் போனார்.

மாசம் முடிந்தது. "டாக்டர் இன்னா சொல்வாரோ, பயமா கீது. நீங்களும் வாங்க வாத்தியாரே" என்றார். போனேன்.

வழியில் மாகறலில் ஒரு அம்மாள் கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறினார். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அஞ்சலை மட்டும் திரும்பிக் கூடையையே பார்த்தார். "அத்தப் பாக்காத" என்று ஏழுமலை மெதுவாகச் சொன்னார். ஏன் சொன்னார்... எனக்கு அப்போது புரியவில்லை.

டாக்டர் அஞ்சலையின் எடையைப் பார்த்தார். முன்னைவிடக் குறைந்திருந்தது.

"மாத்திரை குடுக்கறியாப்பா?"

"வேளை தவறாம குடுக்கறேன் சார்."

"மீன் எண்ணெய்?"

ஏழுமலை பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடியே திறக்கவில்லை.

"அதுல மீனு கீது சார். பத்தியத்துக்கு ஆவாதே."

"யார் பத்தியம் சொன்னது?"

"மருந்து துன்னா பத்தியம் இருக்கணும் இல்ல சார்? மீனு, முட்டை, பருப்பு, கீரை எதுவும் காட்டல. மொளகு ரசமும் சோறும்தான். நான்தான் ஆக்கறேன். அவ ஒருத்தியா துன்னா கஷ்டமா இருக்குமேன்னு நானும் அதையேதான் துன்னுக்கினு கீறேன்."

அப்போதுதான் கவனித்தேன். மனிதர் பாதியாகியிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சாப்பாடு இறங்கலேன்னுதானே சத்தே குடுத்தேன்" என்றார் டாக்டர். பிறகு சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். மெட்ராஸ்தான் என்று நானும் நினைத்துவிட்டேன்.

"எனக்குப் பசிக்குது."

அஞ்சலைதான் பேசினார்.

"இப்பல்லாம் பசிக்குது. எப்பப் பாத்தாலும் மொளகு ரசம்... ஒரு கருவாட்டுக் கொயம்பு வச்சாத்தான் இன்னா?"

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "மெட்ராஸ் வேண்டாம்ப்பா. மருந்து வேலை செய்யுது. மாத்திரையை நிறுத்தாதே, எண்ணெயைக் குடு, கருவாடும் குடு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? சத்து எப்படி டாக்டர் மனசு வரைக்கும் போகிறது என்று கேட்டேன்.

"முழுசா எனக்கும் தெரியாது சார். மாத்திரைதான் மருந்து, சத்து அதுக்குத் துணை. காய்ஞ்ச வயித்துல மாத்திரை மட்டும் தனியா என்ன பண்ணும்?"

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பஸ்ஸில் வரும்போது அதே யோசனை. மனசு நெஞ்சில் இருக்கிறது என்கிறோம், தலையில் இருக்கிறது என்கிறோம் — அதற்கு அடுப்படி வழியாகவும் ஒரு பாதை இருக்குமோ? பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அஞ்சலைக்குப் பசி வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது.

நேற்று ஏழுமலை வாசலில் வந்து நின்றார்.

"கருவாட்டுக் கொயம்புல உப்பு அள்ளிப் போட்டுட்டேனாம். காலைலேர்ந்து திட்டிக்கினே கீறா வாத்தியாரே."

பெண்டாட்டி திட்டுவதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிற புருஷனை நான் பார்த்ததே இல்லை.