காதுக்கு முன்னால் ஒரு வலி

எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று பஸ் நிலைய மைக்கில் சொல்வது அவள் வேலை. கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் வெண்கலம். ஒலிபெருக்கி பழுதான நாளில்கூடக் கண்ணாடிக் கூண்டை விட்டு வெளியே வந்து, தொண்டையாலேயே அத்தனை வண்டிகளையும் அனுப்பி வைத்தவள்.

ஒரு காலையில், ஊர்ப் பெயர் ஒன்றைப் பாதி சொல்லும்போதே தாடை பிடித்துக்கொண்டது. காதுக்கு முன்னால் ஆணி இறக்கியது போல் வலி. அன்றிலிருந்து வாயைத் திறந்தாலே கடக்கென்று ஒரு சத்தம். சில சமயம் பாதியில் சிக்கி நின்றுவிடும்.

பல் டாக்டர் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்தார். அதுவும் வீண். காது டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். இன்னொருவர், "மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா" என்று தூக்க மாத்திரை எழுதினார். அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பேச்சைக் குறைத்தாள். கணவரோ வெளியூர் வேலையில். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தி, அறைக்குள் போய்க் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தாள்.

வீட்டில் கூட இருந்த கணவரின் அக்காவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"என்ன குத்தம் பண்ணிட்டேன் உனக்கு? மாசக்கணக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க. நான் சமைச்சா வாயில வைக்கவும் மாட்டேங்கற!"

பதில் சொல்ல வாய் எடுத்தாள். தாடை சிக்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நாத்தனாரின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில், காதுக்கு முன்னால் வைத்து அழுத்தினாள். வாயை மூட முயன்றதும் உள்ளே எலும்பு துள்ளி நகர்ந்தது.

நாத்தனார் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ... இதோடயா இத்தனை நாள் இருந்த?"

"சொன்னா யார் அண்ணி நம்பறாங்க?"

மறுநாளே நாத்தனார் விசாரித்து, பல் மருத்துவக் கல்லூரியில் தாடை மூட்டைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர் கன்னத்தில் விரல் வைத்துத் திறந்து மூடச் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்.

"மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. அது இடம் நழுவியிருக்கு. எதையும் பல்லைக் கடிச்சுத் தாங்கிக்கறவங்களோ நீங்க?"

"ஆமா" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள். "அப்ப அந்த ரெண்டு பல்லு?"

டாக்டரம்மா பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல எனக்கு ஒரு கோளாறும் தெரியலைம்மா."

வெண்கலம் நாக்கால் பல் போன பள்ளத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

தூங்கும்போது பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஓர் உறை, வெந்நீர் ஒத்தடம், கண்ணாடி முன் மெல்லத் திறந்து மூடும் பயிற்சி. மாதங்கள் போகப் போகச் சிக்குவது நின்றது. வலி பாதியாகக் குறைந்தது, முழுசாக விடவில்லை. மைக் வேலையை அவளே விட்டாள். இப்போது வண்டிகளின் நேரப் பலகையைப் பார்த்துக்கொள்கிறாள்.

குளிர் நாட்களில் வலி திரும்பும். அப்போதெல்லாம் எழுந்ததும், "அண்ணி, இன்னிக்கு வலிக்குது" என்று சொல்லிவிடுகிறாள்.

"சரி, பேசாத. நானே பேசிக்கறேன்" என்பாள் நாத்தனார். சொன்னபடியே பேசிக்கொண்டும் இருப்பாள்.