உறவு அறுந்ததற்கு அத்தாட்சி

பியோ சங்மானைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவர்மேல் கொஞ்சம், என்மேல் கொஞ்சம், அரசாங்கத்தின்மேல் வண்டி வண்டியாக.

சியோல் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சரிவில் நாற்பத்திரண்டு அறை உள்ள ஒரு கட்டடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அறை என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். வாடகை வாங்குவது, கழிப்பறை அடைத்துக்கொண்டால் கத்துவது, யாராவது இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்றால் உடைத்துப் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. என் குடும்பப் பெயர் மா. பல் போன கிழவன்கள்கூட என்னை மா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பியோ மட்டும் தங்கச்சி என்பார்.

அவர் தெற்குக் கடற்கரைக்காரர். கடல்பாசி வளர்க்கிற குடும்பம். இருபது வயதில் வடக்கே வந்து, குளிர்சாதனப் பெட்டிக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் மூட்டை தூக்கி, பிறகு கிடங்கு மேற்பார்வையாளர் ஆகி, டை கட்டுகிற அளவுக்கு உயர்ந்தவர். தொண்ணூற்றேழாம் வருடக் குளிர்காலத்தில் நாடே திவாலானபோது ஆலையை மூடினார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு, பெண்டாட்டி கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, ஊர்க்கோடி மலைக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாராம். அந்த வருடம் மலையெல்லாம் கோட்டுப் போட்ட ஆண்கள்தானாம். ஒருவரை ஒருவர் பார்க்காதது போல ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்திருப்பார்களாம். நான்கு மாதம் இந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் மலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் இங்கே வந்துவிட்டார். மகள் யோன்ஜூவுக்கு அப்போது பத்து வயது.

மனைவி வேறு வாழ்க்கை தேடிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓடிப்போன ஆம்பளைக்காக யார் விளக்கேற்றிக் காத்திருப்பது?

மகள்தான் வளர்ந்து, கல்யாணமாகி, அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். வாசலில் நின்று அரைமணி நேரம் திட்டினாள். பிறகு உள்ளே போய் அவர் துணியையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, தேஜோன் ஊரில் அவள் வேலை செய்யும் கடையில் சாப்பாட்டு இடைவேளை விடும்போது, போன் வரும். எங்கள் சுவரெல்லாம் ஒட்டுப்பலகை. அவர் மூச்சு விடுவதே எனக்குக் கேட்கும். அவள் குரல் ஒலிபெருக்கி மாதிரி.

"என்னப்பா, பல்லு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு கிம்ச்சி ஊறுகாய் கடிக்க, ஒண்ணு சிரிக்கிறதுக்கு."

அந்த ஒரு ஞாயிறுக்காகவே மனிதர் மற்ற நாளெல்லாம் அட்டை பொறுக்கினார் என்று சொல்வேன்.

அறுபத்தாறு வயதில் முழங்கால் போனது. அட்டை வண்டியை மேட்டில் தள்ள முடியவில்லை. வாடகை நின்றது. கட்டட முதலாளி என்னிடம், "மார்ச் வரைக்கும் பார். அதுக்கப்புறம் சாமானைத் தூக்கி வெளியே வை" என்றான். வெளியே என்றால் ரயில் நிலையச் சுரங்கப்பாதை. அதற்கு முந்தின குளிர்காலத்தில் அங்கே விறைத்துப்போன மூன்று பேரை நான் அடையாளம் காட்டியிருந்தேன். அதனால் நானே அவரை இழுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். வாழ்வாதார உதவிக்கு எழுதிக் கொடுத்தோம். அவசரத்துக்குக் கூப்பிட என்று என் போன் நம்பரையும் அதில் போட்டோம். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அங்கே ஹா என்று ஓர் இளம் அதிகாரி. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"பெரியவரே, உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களே. மருமகனுக்கு பஸ் கம்பெனியில நிரந்தர வேலை. ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தா வரம்பைத் தாண்டுது."

"அவ எனக்கு ஒண்ணும் குடுக்கிறதில்ல சார். அவளே மாமியார் வீட்டுல ஒத்த ரூம்ல இருக்கா."

"குடுக்கணும்ல? அதனால மாசாமாசம் குடுக்கிறாங்கன்னுதான் கணக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கணக்கை ஒரு கிண்ணத்துல ஊத்திக் குடுங்க சார், பசிக்குக் குடிக்கட்டும்" என்றேன்.

ஏழைக்கு வீடும் சோறும் அரசாங்கத்தின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறதாம். அதற்கு முந்தின வரியில், பிள்ளை இருந்தால் பிள்ளையின் கடமை என்று இருக்கிறதாம். பெற்றவனையும் பிள்ளையையும் மோதவிட்டு, நடுவில் அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நல்ல நியாயம்!

ஹா குரலைத் தாழ்த்தினார். "உறவே அறுந்துபோச்சுன்னா வேற வழி இருக்கு. பொண்ணு கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதணும், ஏன் அப்பாவோட தொடர்பு இல்லைன்னு. அதோட ரெண்டு பேரோட ஆறு மாசப் போன் பட்டியலும் வேணும். பேச்சுவார்த்தை இருக்கக் கூடாது."

அன்று மாலையே பியோ மகளைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எழுதிக்கோம்மா. அப்பன் குடிகாரன். அம்மாவை அடிச்சான். உன்னையும் அடிச்சான்."

"நீங்க என் மேல விரலைக்கூட வச்சதில்லையேப்பா."

"அதனால என்ன? அடிக்காத அப்பனை அரசாங்கம் உன் தலையிலதான் கட்டும். நல்லா அடிச்சான்னே எழுது. பெல்ட்டால அடிச்சான்னு போடு."

"உங்ககிட்ட பெல்ட் எங்க இருக்கு? கயிறு இல்ல கட்டியிருக்கீங்க!" என்று அவள் சிரித்தாள். "ஆறே மாசந்தானப்பா. ஏப்ரல்ல பேசுவோம். கால்ல சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க" என்றாள்.

போனை வைத்ததும் அவர் அதை என்னிடம் நீட்டினார். "உங்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறை வாசலில் வந்து நின்று, "சார்ஜ் போட்டியா?" என்று மட்டும் கேட்பார். அடிக்காத போனுக்கு எதற்கு சார்ஜ் என்று நான் கேட்கவில்லை. இதற்குள் கட்டடம் முழுக்க ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டார்கள். முப்பத்தொன்றாம் அறைக் கிழவியின் மகன் அறுவடைப் பண்டிகைக்கு ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டுவந்தானாம், அடுத்த மாதமே அவள் உதவியை நிறுத்திவிட்டார்களாம். பொதுத் தொலைபேசியில் பேசினாலும் எந்தக் கூண்டு என்று பட்டியலில் வருமாம். யார் பார்த்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் நம்பினோம். அரசாங்கத்துக்கு எங்கள் பசி தெரியாது, மற்றதெல்லாம் தெரியும் என்பது எங்கள் சரிவில் வேதவாக்கு.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் போன் அடித்தது. யோன்ஜூ. நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது. எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, நான்தான் படித்தேன்.

'அப்பா, வயித்துல இருந்த குழந்தை தங்கல. ஆஸ்பத்திரில இருக்கேன். அந்தப் பேப்பர் கிடக்கட்டும். ஒரே ஒரு வார்த்தை பேசுங்க.'

அவள் முழுகாமல் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ஏப்ரலில் சொல்லலாம் என்று வைத்திருந்திருப்பாள்.

பியோ போனைப் பிடுங்கிக்கொண்டார். பொத்தான் அகப்படவில்லை. நான் அவர் கையோடு சேர்த்துப் பிடித்தேன். அவரைத் தடுத்த பாவி நான்தான்.

"அண்ணே, இன்னும் ஏழு வாரந்தான். இப்பப் பேசினா மறுபடி முதல்ல இருந்து ஆறு மாசம். மார்ச்சுக்கு மேல முதலாளி விடமாட்டான். சுரங்கப்பாதையில கிடந்து செத்தா, அந்தப் பொண்ணு அதையும் சேர்த்து அழணும்."

"என் பொண்ணு கூப்பிடுறா."

"உன் நம்பரும் பேப்பர்ல இருக்கு, என் நம்பரும் பேப்பர்ல இருக்கு. ஏப்ரல்ல போய் அவ கால்லயே விழு. நானும் வந்து விழறேன்."

போனை என்னிடம் விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிக் கீழே போனார். நிலையத்து வாசலில் இருக்கிற தொலைபேசிக் கூண்டுக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். இலவசச் சோற்று வரிசையில் நின்றவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். உள்ளே போகவில்லை. திரும்பி வந்து ஒட்டுப்பலகைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கொண்டுபோன கஞ்சியைத் தொடவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப்பின் போன் அடிக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் ஹா கூப்பிட்டனுப்பினார். முதலாளியிடம் இரண்டு வாரம் கெஞ்சி வாங்கியிருந்தேன். அலுவலகத்துக்குப் போனோம். மகளின் வாக்குமூலம் தபாலில் வந்திருந்தது. "படிச்சுக் காட்டணும், நீங்க உண்மைன்னு ஒத்துக்கணும். அதான் முறை" என்று ஹா படித்தார். குடிகாரன் வருவான், பெல்ட் வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்குப் பத்து வயதில் அவர் வீட்டை விட்டுப் போனார். அதை நான் மன்னித்துவிட்டேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி என் குழந்தை இறந்தது. அன்று அவரை மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டு எழுதினேன். பதில் இல்லை. எனக்கு அப்பா இல்லை."

அவ்வளவுதான். பெல்ட்டும் இல்லை, குடியும் இல்லை.

"பொண்ணு நல்லாத் தெளிவா எழுதியிருக்காங்க, பெரியவரே. இப்படி இருந்தா மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இதெல்லாம் உண்மைதானே?"

பியோ தலையாட்டினார். மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தோய்த்து, அந்தக் கடைசி வரிக்குக் கீழே வைத்தார்.

நான் போன் பட்டியலை நீட்டினேன். ஆறு மாதத்தைத் தின்ற காகிதம். ஹா மேல் தாளை மட்டும் பார்த்தார். அடித்தாளைத் திருப்பக்கூட இல்லை. வாக்குமூலத்தோடு சேர்த்து ஊசி குத்தி வைத்துவிட்டார். "ஏன் சார், பொதுத் தொலைபேசியில ஒருவேளை பேசியிருந்தா?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் யாரும்மா பார்க்கிறாங்க?" என்றார் ஹா. "முப்பது ஃபைல் கிடக்கு."

வெளியே வந்ததும் அவரைக் கையோடு கூண்டுக்கு இழுத்துப்போய், நானே காசு போட்டு, நானே நம்பரை அழுத்திக் கொடுத்தேன். அவள் எடுத்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதால் எனக்கும் கேட்டது.

"அப்பாம்மா. கிடைச்சிருச்சும்மா. இனிமே பேசலாம்."

அந்தப் பக்கம் அவள் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது.

"கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"கால் கிடக்குது. நீ எப்படிம்மா இருக்க? அந்தப் பேப்பர்ல..."

"பொய் எழுதணும்னுதாம்ப்பா உட்கார்ந்தேன். நீங்க சொன்னபடி பெல்ட்டு, குடி எல்லாம் எழுத. பேனா அந்தப் பக்கம் போகவே இல்ல. எழுதி முடிச்சுட்டுப் படிச்சுப் பார்த்தேன். ஒரு வரிகூட பொய் இல்ல. பணம் வருதுல்ல? வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. இனிமே கூப்பிடாதீங்க."

இரண்டு வருடம் ஆகிறது. பியோவுக்கு அறை இருக்கிறது, அரிசி இருக்கிறது, காலுக்கு மருந்து இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஹா வந்து, மகளோடு பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்பார். இல்லை என்பார் இவர். அவர் அதைக் குறித்துக்கொண்டு போவார்.